மஞ்சள் கறைக்கு வெயில்

ஹுன்னஸ்கிரிய முதலான மலையகத் தோட்டப்புறங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால் மஞ்சள் நீர் விளையாட்டும் வரும். மறுநாள் வெள்ளை வேட்டியில் சவர்க்காரம் பட்டதும் கறை சிவந்துபோகும். பயப்படாதீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற சாயம் சவர்க்காரத்திலுள்ள காரம் பட்டால் சிவக்கும். நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும்.

குர்குமின் வெயிலைத் தாங்காது. துவைத்த துணியை ஈரத்தோடு நேர்வெயிலில் விரியுங்கள். முகில் மூடும் மலைப்பகுதி அல்லவா, வெயில் கண்ட நேரத்தைத் தவறவிடாதீர்கள். கறை போகுமுன் இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டால் சாயம் இழையில் இறுகிவிடும்.

மஞ்சள் நீர் கம்பளத்தில் கொட்டினால் தேய்க்க வேண்டாம். வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் குளோரின் கலந்த வெளுப்பான் ஆகாது, இழையையே அரித்துவிடும்.