குழிப்பந்தாட்டக் கருவிகளும் சிக்கனக் கணக்கும்

கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம் கேமரன் மலைக்குப் புதியதன்று. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இம்மலைப் பகுதி, 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களிலும் தேயிலைத் தோட்டங்களும் ஓய்வில்லங்களும் பெற்று வளர்ந்தது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே குழிப்பந்தாட்டத் திடலும் அமைந்தது. ஆயினும், கொழுந்து கிள்ளவும் தொழிற்சாலையில் பணிபுரியவும் வந்த தமிழருக்கு அது துரைமார் ஆட்டமாகவே இருந்தது. திடல் கண்ணுக்கு அருகில் இருந்தது. கருவிகளின் விலையோ எட்டாத் தொலைவில் இருந்தது.

இன்று கைப்பேசி அந்நிலையை ஒருவாறு மாற்றியிருக்கிறது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் வழியிலுள்ள கோலா தெர்லாவில் இருப்பவரும், கடல் கடந்த நாட்டில் இருப்பவரோடு இணையவழிக் குழிப்பந்தாட்டம் ஆடலாம். உள்ளே நுழையப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால், நுழைந்தபின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கடை விரிகிறது. மேலும் நல்ல கோல், மேலும் நல்ல பந்து என்று அது அழைக்கிறது. கையிலுள்ள சிறு பொருளைக் கொண்டு எந்தக் கருவியை முதலில் உயர்த்துவது, எதை விட்டுவிடுவது என்பதே ஆடுவோர்முன் நிற்கும் வினா. இது விளையாட்டு வினாபோல் தோன்றினும், உண்மையில் வரவு செலவுக் கணக்கேயாகும்.

மலாயா தந்த மலிவுப் பந்து

இவ்வினாவுக்கு அவ்வாட்டத்தின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை மலாய் மண்ணோடு தொடர்புடையது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஸ்காட்லாந்தில் சிறந்த பந்து எனப்பட்டது இறகுப் பந்து. தோலுறைக்குள் நனைத்த இறகுகளை இறுக அடைத்துத் தைத்துச் செய்யப்படுவது அது. கைதேர்ந்த தொழிலாளியும் ஒரு நாளில் சில பந்துகளுக்குமேல் செய்ய இயலாது. ஆதலால் விலை மிகுந்தது. மழையில் நனைந்தால் பந்து உருக்குலையும். இரும்புக் கோல் பட்டால் தையல் பிரியும். ஒரு நாள் ஆட்டத்துக்கே பல பந்துகள் வேண்டியிருந்தமையால், பொருளுடையோரே அடிக்கடி ஆட முடிந்தது.

மலாய்க் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலினின்று கிடைப்பது கட்டாபெர்ச்சா. 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் மரப்பாலைக் குறிக்கும். வெந்நீரில் இட்டால் இளகி, ஆறியதும் இறுகும் இயல்புடையது இப்பொருள். சிங்கப்பூரில் மருத்துவப் பணியிலிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1840-களில் இதனை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தியவருள் ஒருவர். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக இதுவே பயன்பட்டது. 1848-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் இதனாற் பந்து உருட்டினர். விலை பன்மடங்கு தாழ்ந்தது. உடைந்த பந்தை உருக்கி மீண்டும் பந்தாக்கவும் முடிந்தது. எளியோரும் ஆடத் தொடங்கினர்.

இங்கே உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. புதிய பந்து பழையதைவிட மிகுந்த தொலைவு சென்றமையால் வென்றதன்று. வழவழப்பான புதுப்பந்து தொடக்கத்தில் சரிவரப் பறக்கவும் இல்லை. அடிபட்டுத் தழும்பேறிய பின்னரே நன்றாகப் பறந்தது. அதனைக் கண்டுதான் பந்தின்மேல் வேண்டுமென்றே கீறலும் பள்ளமும் இடும் வழக்கம் எழுந்தது. மலிவும், நீடித்த உழைப்பும், மாறாத போக்குமே அதன் வெற்றிக்குக் காரணங்கள். ஆனால், மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. பால் எடுப்பதற்காக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டமையால் காடுகள் பெரிதும் அழிந்தன.

1898-இல் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூலை இறுகச் சுற்றி உட்கரு அமைத்த பந்தை உருவாக்கினார். 1902-இல் பிரிட்டிஷ் திறந்த போட்டியில் சாண்டி ஹெர்டு அப்பந்தைக் கொண்டு வென்றபின் அது எங்கும் பரவியது. பின்னாளில் மலாயாத் தோட்டங்களில் தமிழர் வெட்டிய பால்மரங்களின் ரப்பர் உலகச் சந்தையை நிறைத்த காலத்தும், பந்துகளின் உள்ளே இருந்தது ரப்பர் நூலே. இன்றைய பந்துகளில் செயற்கை ரப்பர் அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

கைப்பேசியில் கருவி

இணைய ஆட்டத்தில் கோலும் பந்தும் வெறும் எண்களே. எடுத்துக்காட்டாக, மான்செஸ்டரைச் சேர்ந்த பிளேடெமிக் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'கோல்ப் கிளாஷ்' என்னும் ஆட்டத்தை நோக்கலாம். அந்நிறுவனத்தை 2021-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வாங்கியது. இவ்வாட்டத்தில் ஒவ்வொரு கோலுக்கும் ஆற்றல், துல்லியம், முன்சுழற்சி, பின்சுழற்சி, வளைவு முதலிய பண்புகள் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கோலை அடுத்த படிக்கு உயர்த்த, அக்கோலுக்குரிய சீட்டுகளும் ஆட்ட நாணயமும் வேண்டும். சீட்டுகள் வென்றவருக்குக் கிடைக்கும் பெட்டிகளிலிருந்து வரும். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இருவரும் சமமாக நாணயம் வைக்க, வென்றவர் இரு பங்கையும் பெறுவார்.

ஆகவே, நாணயத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. கருவியை உயர்த்துவதும் அதுவே. அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயமாக வைப்பதும் அதுவே. இதனை மறந்து முழுவதையும் கருவியிற் போடுபவர், சிறந்த கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட முடியாமல் நிற்பர்.

மூன்று கணக்குகள்

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்னும் 47-ஆம் அதிகாரத்தின் முதற்குறள், ஒரு வினையில் இறங்குமுன் ஆராய வேண்டியவை மூன்று என்கிறது: அழிவது, ஆவது, அதன் வழியே பின்னர் விளையும் ஊதியம். அரசியல் பற்றிக் கூறப்பட்ட இம்முறை, கருவி வாங்குவோர்க்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, அழிவது. இதனைப் பொருளின் விலையாக மட்டும் கொள்ளலாகாது. எத்தனை முறை பயன்படும் என்பதால் வகுத்துப் பார்க்கவேண்டும். ஒருமுறை உயர்த்திய கோல் பின்வரும் ஆட்டங்களிலெல்லாம் உடன்வரும். சிறப்புப் பந்தோ பயன்படுத்தியதும் தீர்ந்துபோகும். 1,000 நாணயம் செலவிட்ட கோல் 500 அடிகளுக்குப் பயன்படின், அடி ஒன்றுக்கு 2 நாணயமே செலவு. 50 நாணயப் பந்து ஒரே ஆட்டத்தில் 5 அடிகளோடு தீருமாயின், அடி ஒன்றுக்கு 10 நாணயம். விலைச்சீட்டில் மலிவாகத் தோன்றியது கணக்கில் ஐந்து மடங்கு விலையுடையதாகிறது.

இரண்டாவது, ஆவது. புதியவர் பெரும்பாலும் முதலில் நாடுவது நெடுந்தொலைவு அடிக்கும் கோலையே. ஆனால், தொலைவு கூடினால் பிழையும் கூடும். 200 மீட்டர் செல்லும் பந்து குறியினின்று 3 பாகை விலகினால், ஏறத்தாழ 10.5 மீட்டர் பக்கவாட்டில் விழும். ஆற்றலை மட்டும் உயர்த்தி 220 மீட்டர் அடித்தால், அதே 3 பாகை விலகல் 11.5 மீட்டர் ஆகும். ஆற்றலை விட்டுத் துல்லியத்தை உயர்த்தி விலகலை 2 பாகையாகக் குறைத்தால், 200 மீட்டரில் விலகல் 7 மீட்டரே. குறுகிய பாதையில் 10 மீட்டர் விலகிய பந்து புதரிலும் மணலிலும் புகும். 7 மீட்டர் விலகியது புற்பாதையிலேயே தங்கக்கூடும். 20 மீட்டர் முன்னே சென்று புதரில் கிடப்பதினும், பின்னே நின்று பாதையில் கிடப்பது நன்று.

எந்தக் கோல் அடிக்கடி பயன்படுகிறது என்பதையும் எண்ணவேண்டும். உண்மை ஆட்டத்தில் 18 குழிகளுக்கு 72 அடி என்பது வழக்கமான அளவு. அதில் குழிக்கு இரண்டாக 36 அடிகள், குழியை ஒட்டிய புல்தரையில் பந்தை உருட்டுவதற்கென்றே கணக்கிடப்படுகின்றன. நெடுங்கோல் பயன்படுவது பெரும்பாலான திடல்களில் 14 குழிகளில் மட்டுமே. இணைய ஆட்டங்களுள் சிலவற்றில் உருட்டுங்கோலையும் மாற்றலாம். சிலவற்றில் அதற்கு இடமில்லை. இடமில்லாதபோது எஞ்சிய கோல்களை இவ்வாறே எண்ணிப் பார்க்கவேண்டும். பத்து ஆட்டங்களில் எக்கோல் எத்தனை முறை கைக்கு வந்தது என்று ஒரு தாளிற் குறித்துவந்தால், எதை உயர்த்துவது என்பதற்கு அத்தாளே விடை கூறும்.

மூன்றாவது, வழியே விளையும் ஊதியம். ஒவ்வொருவரும் 100 நாணயம் வைக்கும் ஆட்டத்தில், சமமான இருவர் மோதினால் நூற்றுக்கு 50 ஆட்டங்களில் வெற்றி. நீண்ட கால ஊதியம் ஒன்றுமில்லை. கோலை உயர்த்தியதால் வெற்றி 55 ஆகிறது எனக் கொள்வோமாயின், நூறு ஆட்டங்களில் வரவு 5,500, இழப்பு 4,500. ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 10 நாணயம் மிச்சம். அவ்வுயர்வுக்கு 2,000 நாணயம் செலவானால், அது திரும்பிவர 200 ஆட்டங்கள் வேண்டும். அதற்குள் மேலும் நல்ல கோல் ஒன்று கிடைத்து இது ஒதுக்கப்படுமாயின், செலவு வீணே. படி உயர உயரச் செலவும் பெருகுவதால், ஒரே கோலை உச்சிக்கு ஏற்றுவதைவிட, மிகுதியாகப் பயன்படும் சில கோல்களை நடுத்தரப் படிக்குக் கொணர்வது சிக்கனமாகும்.

கையிருப்பும் இங்கே சேரும். வெற்றி பாதி, தோல்வி பாதி என்றால், அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்திலும் தோற்கும் வாய்ப்பு 1,024-இல் ஒன்று. ஆதலின், பத்து ஆட்டங்களுக்குரிய நாணயத்தை ஒதுக்கிவைத்து, எஞ்சியதைக் கொண்டே கருவியை உயர்த்துவது அறிவுடைமை. வரவின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருக்கவேண்டும் என்னும் கருத்து, அடுத்த அதிகாரமாகிய 'வலியறித'லில் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. தன் வலிமையை அறிதலில் தன் பொருளின் அளவை அறிதலும் அடங்கும்.

மூடிய பெட்டி

இதுவரை கூறியது ஆட்ட நாணயம் பற்றியது. மெய்ப்பணம் கொடுத்துப் பெட்டி வாங்கும்போது நிலைமை வேறாகிறது. கடையில் தேயிலை வாங்குபவர் பொதிக்குள் இருப்பது தேயிலை என்று அறிந்தே வாங்குகிறார். ஆட்டப் பெட்டியை வாங்குபவரோ உள்ளே எது இருக்கிறது என்று அறியாமல் வாங்குகிறார்.

ஒரு பெட்டியின் விலை 5 வெள்ளி, விரும்பிய சீட்டு வரும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று எனக் கொள்வோம். 50 பெட்டி வாங்கினால் அச்சீட்டு உறுதியாக வந்துவிடும் என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. ஒரு பெட்டியில் வாராதிருக்கும் வாய்ப்பு 0.98. அதனை ஐம்பது முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.36 வரும். அதாவது, 250 வெள்ளி செலவிட்ட பின்னும் நூறு பேரில் 36 பேர் வெறுங்கையோடு நிற்பர். முன் வாராதது பின் வாய்ப்பைக் கூட்டுவதும் இல்லை. மலேசியாவில் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 26 வேலைநாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். அக்கணக்கின்படி 250 வெள்ளி என்பது ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு.

பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சூதாட்டம் எனத் தீர்மானித்தது. வாய்ப்பு விகிதத்தை வெளியிடவேண்டும் என்னும் விதியைச் சீனா 2017-இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் அவ்வாறே வேண்டியது. விகிதம் அச்சாகியிருந்தும் படித்துப் பொருள்கொள்ளத் தெரியாதவருக்கு அதனாற் பயனில்லை. அங்கேதான் பள்ளியின் பணி தொடங்குகிறது.

வகுப்பறையில்

மெய்யான குழிப்பந்தாட்டத்தில் எத்துணைச் செல்வரும் ஒரு சுற்றுக்கு 14 கோல்களுக்குமேல் எடுத்துச் செல்லலாகாது. அமெரிக்காவில் 1938-இலும் பிரிட்டனில் 1939-இலும் நடைமுறைக்கு வந்த விதி அது. பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படலாகாது என்றும் வரையறை உண்டு. பொருள் மிகுந்தவர் கருவியாலேயே வென்றுவிடாதபடி ஆட்டத்தின் விதியே ஓரளவு வேலி இடுகிறது. கைப்பேசி ஆட்டத்தில் அவ்வேலி தளர்ந்திருக்கிறது. விற்பவரே விதியையும் வகுக்கிறார். ஆகவே, வேலியை ஆடுபவரே இட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாணவரிடம் இவ்வாட்டங்களை வெறுத்துப் பேசுவதால் மட்டும் பயன் விளைவது அரிது. அவர்கள் நன்கறிந்த கோலையும் பந்தையும் பெட்டியையும் கொண்டே வகுத்தலையும் விழுக்காட்டையும் நிகழ்தகவையும் கற்பிக்கலாம். பந்து விலகும் கணக்கு மேல்வகுப்புக் கோணவியலுக்கு உதவும். பெட்டிக் கணக்கு பெருக்கலுக்கு உதவும். குறளின் மூன்று சொற்களை விளக்கும் தமிழாசிரியருக்கும், மாணவன் நேற்றிரவு செய்த செலவைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

மாணவன் தன் பெட்டிக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கட்டும். அடுத்த பெட்டியை வாங்குவதா, விடுவதா என்பதை அதன்பின் அவனே முடிவு செய்துகொள்வான்.