ஆசிரியர் திரும்பிய பிறகும் தண்ணீர் ஓடுமா?

மாணவர்களே, நீங்கள் ஓர் அறிவியல் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்போடியாவில் மீகோங் ஆற்றோரக் கிராமப் பள்ளி ஒன்றுக்கு ஆறு மாதத் தொண்டூழியத்திற்குச் செல்கிறீர்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு நல்ல குடிநீர் வேண்டும். முதலில் என்ன செய்வீர்கள்?

“கிணறு தோண்டலாம்” என்று தோன்றுகிறதா? அங்கே அதுதான் நடந்தது. குளத்து நீரில் கிருமிகள் இருந்ததால் பல கிராமங்களில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. ஆனால், கந்தால் போன்ற ஆற்றோர மாநிலங்களில் அந்த நீரில் ஆர்சனிக் கரைந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

மீகோங் அடித்து வந்த வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டியிருக்கும் இந்த நஞ்சு, ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நீரில் கரைகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பல ஆண்டுகள் குடித்தால் தோல் நோயும் புற்றுநோயும் வரலாம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஆகவே, தோண்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும்.

மணலில் வாழும் படலம்

கிணற்று நீர் ஆகாது என்றால், குளத்து நீரைச் சுத்தப்படுத்தலாம். அதற்கு ஓர் எளிய கருவி உயிர்மணல் வடிகட்டி. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மான்ஸ் 1990களில் இதை உருவாக்கினார். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் பெட்டி. அடியில் சரளைக்கல், அதன்மேல் மென்மணல். மின்சாரம் தேவையில்லை. உள்ளூர்க் கொத்தனாரே வார்த்துவிடலாம்.

இதன் சூட்சுமம் குழாயில் இருக்கிறது. நீர் வெளியேறும் வாய், மணல் மட்டத்தைவிட 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உள்ளே நீர்மட்டம் அந்த அளவுக்கு இறங்கியதும் ஓட்டம் தானாக நின்றுவிடும். எனவே, மணல் எப்போதும் நனைந்தே இருக்கும். நீரின் ஆழம் குறைவு என்பதால் ஆக்சிஜனும் மணலை எட்டும். சில வாரங்களில் அங்கே நுண்ணுயிர்ப் படலம் ஒன்று வளர்ந்து, நோய்க்கிருமிகளைத் தின்னத் தொடங்கும்.

உயிருள்ள ஒன்றுக்குப் பசிக்கும் அல்லவா? இரண்டு நாள்களுக்கு மேல் நீர் ஊற்றாவிட்டால் படலம் நலிந்துவிடும். சுத்தம் செய்வதாக எண்ணி யாராவது குளோரின் ஊற்றினால் செத்தே போகும். பள்ளி விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது? ஓட்டம் குறைந்தால் மேல்மணலைக் கிளறிக் கலங்கல் நீரை அள்ளி எடுக்க யாருக்குத் தெரியும்? வடிகட்டியை அமைப்பது சில நாள் வேலை. அந்தப் பள்ளி மாணவர்களே நீரோட்டத்தை அளந்து, குறித்து, முறைவைத்துப் பராமரிக்கப் பழக்குவதுதான் ஆசிரியரின் உண்மையான பணி.

நின்றுபோன ராட்டினம்

இதை மறந்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் மேலேறும் ‘பிளேபம்ப்’ கருவிகள் தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் முதலிய நாடுகளின் பள்ளிகளில் நிறுவப்பட்டன. 2010க்குள் 4,000 கருவிகள் என்பது இலக்கு. ஒரு கருவி 2,500 பேருக்கு நீர் தரும் என்றார்கள். ஆளுக்கு 15 லிட்டர் கிடைக்க வேண்டுமானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் கணக்கிட்டுக் காட்டியது! பழுதானபோது உள்ளூரில் சரிசெய்ய வழியில்லாமல் பல கருவிகள் நின்றன. சில இடங்களில் பெண்கள்தான் அந்தக் கனமான ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது.

உங்கள் பள்ளியும் வெளிநாட்டுத் தொண்டூழியத்திற்குப் புறப்படலாம். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: அங்குள்ள சிக்கலை யாராவது அளந்து பார்த்தார்களா? பழுதானால் தேவைப்படும் பொருள் அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்குமா? நாம் விமானம் ஏறிய மறுநாள் அதை யார் கவனிப்பார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு மாணவரின் பெயர் பதிலாகக் கிடைத்தால், அந்தத் திட்டம் நீடித்து நிலைக்கும்.