"மழை" என்றார் டைரக்டர், கொட்டியது மழை!

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் ஒரு மாலைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் டைரக்டர் பாலுமகேந்திரா. தலையில் வழக்கமான தொப்பி.

இலங்கையில் பள்ளிக்கூடத்துப் பையனாக சுற்றுலா போன கதையைச் சொன்னார். (மேடை ஏறினால் இதை விடமாட்டார்!) அங்கே "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்" (1957) படப்பிடிப்பு. டேவிட் லீன் "மழை" என்று குரல் கொடுத்தார். உடனே மழை கொட்டியது. நாமும் டைரக்டர் ஆவது என்று பையன் அங்கேயே முடிவு கட்டிவிட்டான்.

கூட்டம் சிரித்தது. அடுத்த பேச்சில் சிரிப்பு அடங்கியது.

"வீடு" (1988) படத்துக்கு நெகட்டிவ் இல்லை என்றார். "சந்தியாராகம்" கதியும் அதுதானாம். சொந்த வீடு கட்ட ஆபீஸ் பெண் படாத பாடு படுவாளே, அந்தப் படம்! அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்தது.

பிலிமை குளிர் அறையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெக்கையிலும் ஈரத்திலும் சுருங்கி, புளித்த வாடை அடித்துக் கெட்டுப்போகும். புனேயில் 1964-லேயே தேசிய காப்பகம் வந்துவிட்டது. தமிழ்ப் படங்களுக்கு இங்கே ஒன்று வேண்டும் என்று மன்றாடினார்.

"நம்ம கல்யாண போட்டோவே பீரோவுல பத்திரமா இருக்கே சார்!" என்றார் பக்கத்து சீட்காரர்.

சினிமாக்காரர்களுக்கு "செங்கல்பட்டு ஏரியா" என்றால் நல்ல வசூல். வசூலை எண்ணியவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை!

மறு ஞாயிறு பிள்ளைகளோடு மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோயில் உப்புக் காற்றில் சுமார் 1,300 வருஷமாக நிற்கிறது. "வீடு" 25 வருஷம்கூடத் தாங்கவில்லையே என்று தோன்றியது.

பாலுமகேந்திரா 2014 பிப்ரவரி 13-ந் தேதி காலமானார்.