சுங்கை சிப்புட் பிள்ளைகளே, இந்த மெக்சிகோவைத் தெரியுமா?

‘ஜகாட்’ பார்த்திருக்கிறீர்களா? 2015 டிசம்பரில் வந்த நம் நாட்டுத் தமிழ்ப்படம். அப்போய் என்ற 12 வயதுப் பையனின் கதை. அவன் குடும்பத்தில் குண்டர் கும்பலுக்கு வேலை செய்யும் ஒருவருக்குப் பெயரே மெக்சிகோ!

இப்போது நிஜ மெக்சிகோ வம்சாவளிக்கு வருவோம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அந்த இளைஞர்கள் தங்களைச் ‘சிகானோ’ என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் லூயிஸ் வால்டெஸ். தோட்டக்கூலிகளின் மகன்! 1965-இல் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களையே நடிகர்களாக்கி, லாரியின் பின்தட்டையே மேடையாக்கி நாடகம் போட்டார். 1981-இல் அவர் இயக்கிய ‘ஜூட் சூட்’ படம் எதைப் பற்றியது தெரியுமா? 1942-இல் நடந்த ஒரு கொலைக்காக லாஸ் ஏஞ்சலஸில் 22 இளைஞர்கள் மீது ஒரேயடியாக வழக்குப் போட்டார்கள். 17 பேருக்குத் தண்டனை விழுந்தது. 1944-இல் மேல்முறையீட்டில் அத்தனை தீர்ப்பும் ரத்து!

தோட்டக்கூலிகளின் கதை நமக்கும் உண்டே! நம் ஊருக்கு வாருங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. அதே ஜூன் 16-ஆம் தேதி, 1919-இல், இதே ஊரில் பிறந்தவர்தான் துன் வீ. தி. சம்பந்தன்! வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, நம் ஆட்கள் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி கட்டச் சொன்னார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, கை முழுக்க நாற்றத்தோடு வீடு திரும்பியவர்கள் கட்டிய 10 வெள்ளி அது. தோட்டங்களையே வாங்கினார்கள்!

ஆனால் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்துக்கு வந்த குடும்பங்களின் 1990-கள்தான் ‘ஜகாட்’. படிப்பா, கும்பலா என்று அப்போய் இழுபடுவதை இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள் காட்டியதுபோல் வேறு எந்தப் படமும் காட்டவில்லை என்பேன். நம்மைப் பற்றிய ரஜினியின் ‘கபாலி’ 2016-இல்தான் வந்தது. நம் கதையை நம்மவரே அதற்கு முன்பே சொல்லிவிட்டார்!

உச்சக்கட்டம் இனிமேல்தான். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் ‘ஜகாட்’டைச் சிறந்த படத்துக்கான பிரிவில் சேர்க்கவில்லை. மலாய் அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள், ‘ஓலா போலா’வையும் சேர்த்து. எதிர்த்துக் குரல் கொடுத்தது யார்? மலாய்க் கலைஞர்களும்தான்! நடிகர் அஃப்லின் ஷவ்கி விழாவைப் புறக்கணித்தார். ஒளிப்பதிவாளர் நூர் காசிம், தாம் முன்பு வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். விதி மாறியது, சிறந்த படத்துக்கான பிரிவு எல்லா மொழிக்கும் திறந்தது. அந்த ஆண்டின் சிறந்த மலேசியப் படம் எது? நம் ‘ஜகாட்’!

இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அடுத்த முறை உள்ளூர்த் தமிழ்ப்படம் திரைக்கு வந்தால், முதல் வாரமே டிக்கெட் எடுங்கள்.