‘ஹோப்’ என்றால் சரக்கு வந்துவிடுமா?



நம் கடைகளுக்கு வரும் கம்பெனிக் கடிதங்களும் விலைச் சுற்றறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. இப்போது செல்போனில் வரும் செய்திகளும் அப்படியே. அவற்றில் நம்பிக்கை தரும் சொற்களுக்குக் குறைவே இராது. படித்ததும் மனம் குளிரும். ஆனால் மனம் குளிர்வது வேறு, லாரியில் சரக்கு வந்து இறங்குவது வேறு. நாம் ‘நம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதை ஆங்கிலத்தில் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

எங்கள் பகுதியில் ஒரு சில்லறைக் கடைக்காரர் தீபாவளி மளிகைச் சீட்டு நடத்தி வந்தார். சீட்டில் சேர்ந்தவர்களுக்கு எண்ணெய் டின்னும் உண்டு. ஆர்டருக்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில், பண்டிகைக்கு முன் அனுப்ப ‘ஹோப்ஃபுல்’ ஆக இருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ‘அனுப்புகிறோம்’ என்றே அவர் எடுத்துக்கொண்டார். டின் வரவில்லை. பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு வெளி மார்க்கெட்டில் கூடுதல் விலைக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. கம்பெனியைக் கேட்டதற்கு, “நாங்கள் உறுதி சொல்லவில்லையே” என்றார்கள். கடிதத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்!

படிக்கல் வரிசை

தராசுக்குப் படிக்கல் இருப்பதுபோல் இந்தச் சொற்களையும் வரிசைப்படுத்திக் கொள்ளலாம். ‘விஷ்’ என்பது வெறும் ஆசை. ‘ஹோப்’ என்பது நடந்தால் நல்லது என்ற எண்ணம். நடக்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டியதில்லை. ‘எக்ஸ்பெக்ட்’ என்றால் ஏதோ ஒரு காரணத்தை வைத்து எதிர்பார்க்கிறார்கள். ‘கான்ஃபிடென்ட்’ அதற்கும் ஒரு படி மேல். ‘வில்’ என்று தேதியும் அளவும் போட்டு எழுதினால்தான் அது வாக்கு. ‘அண்டர்டேக்’ என்றால் பொறுப்பேற்கிறோம் என்று பொருள். ‘டென்டேட்டிவ்’ என்று எழுதிய தேதி மாறக்கூடிய தேதி. ‘சப்ஜெக்ட் டு அவெய்லபிலிட்டி’ என்று கீழே ஒரு வரி இருந்தால், மேலே எழுதிய உறுதியெல்லாம் சரக்கு இருந்தால் மட்டுமே.

இரண்டு சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். “லாரி திங்கட்கிழமை வருமென எக்ஸ்பெக்ட் செய்கிறோம்” என்றால் எதிர்பார்ப்பு. “நீங்கள் திங்கட்கிழமைக்குள் பணம் கட்டுவீர்கள் என எக்ஸ்பெக்ட் செய்கிறோம்” என்றால் அது உத்தரவு. ‘வீ டிரஸ்ட்’ என்று தொடங்கும் வரியும் அப்படித்தான். நம்மை நம்புகிறார்களே என்று மகிழ வேண்டாம். பாக்கியை அனுப்பு என்பதன் மரியாதையான வடிவம் அது.

‘ஆப்டிமிஸ்டிக்’ என்ற சொல் லத்தீனில் ‘மிகச் சிறந்தது’ என்று பொருள்படும் ‘ஆப்டிமம்’ என்பதிலிருந்து வந்தது. எல்லாம் நன்மைக்கே என்று எதற்கும் சொல்லிக்கொண்டிருப்பவர்களைக் கேலி செய்து பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் 1759இல் ‘கான்டீட்’ என்ற கதையையே எழுதினார். இந்தச் சொல் எழுதுபவரின் மனநிலையைச் சொல்லும். குடோனில் இருக்கும் மூட்டைகளைச் சொல்லாது.

யாருக்கு நல்ல செய்தி?

மார்க்கெட் அறிக்கைகளில் ‘புல்லிஷ்’, ‘பேரிஷ்’ என்று வரும். முன்னது காளை, விலை ஏறுமுகம். பின்னது கரடி, விலை இறங்குமுகம். கரடியைப் பிடிக்கும் முன்பே அதன் தோலை விற்பது என்ற பழமொழியிலிருந்து கரடி வந்ததாகச் சொல்வார்கள். துவரம்பருப்பு ‘புல்லிஷ்’ என்றால் இருப்பு வைத்திருக்கும் மண்டிக்காரருக்கு அது நல்ல செய்தி. வாரத்துக்கு இரண்டு மூட்டை வாங்கி விற்கும் மளிகைக் கடைக்காரருக்கு அது செலவு. ஆகவே நம்பிக்கைச் சொல்லைக் கண்டால், சொல்பவர் விற்பவரா வாங்குபவரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மழை அறிவிப்பிலும் இது உண்டு. வானிலைத் துறை ‘நார்மல்’ என்று அறிவித்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதுக்குமான மழை, நீண்ட கால சராசரியில் 96 முதல் 104 சதவீதம் இருக்கும் என்று கணக்கு. அந்தச் சராசரி 87 சென்டிமீட்டர். எந்த மாவட்டத்தில் எந்த வாரம் பெய்யும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. நாடு முழுக்கக் கணக்கு சரியாக வந்தும், துவரை விளையும் கலபுரகி பக்கம் மழை தவறினால் நம் கடையில் பருப்பு விலை ஏறத்தான் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒன்றைச் செய்யச் சம்மதம் என்று ஒருவர் தெரிவித்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் அது வாக்குறுதி ஆகும். நடக்குமென்று நம்புகிறேன் என்பது அந்தச் சம்மதம் ஆகாது. எனவே ‘ஹோப்’ என்று கடிதம் வந்தால் அன்றே பதில் போடுங்கள்: “ப்ளீஸ் கன்ஃபர்ம் தி டேட் அண்ட் குவான்டிட்டி.” இந்த ஒரு வரி போதும். தேதியும் அளவும் எழுத்தில் வந்த பிறகு அட்வான்ஸ் வாங்கலாம்.

அதே ‘ஹோப்’ நமக்குக் கைகொடுக்கும் இடமும் ஒன்று உண்டு. கடன் தவணை குறிக்காமல் சரக்கு கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பாக்கிக்கு வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள், “உங்கள் பில் பாக்கியை விரைவில் தீர்க்க ஹோப் செய்கிறோம்” என்று பாக்கிதாரர் கையெழுத்திட்டுக் கடிதம் தந்தால், பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். பாக்கியைக் குறிப்பிடாமல் “நல்ல காலம் வரும்” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஆகவே அப்படிப்பட்ட கடிதங்களைக் கிழித்துப் போடாமல் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். தொகை பெரிதென்றால் கெடு முடியும் வரை காத்திராமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாம் தினமும் சொல்லும் ‘கிரெடிட்’ என்ற சொல்லே ‘நம்புதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கடனுக்குச் சரக்கு கொடுக்காமல் மளிகை வியாபாரம் ஏது? ஆளை நம்பிக் கொடுப்போம். கடிதத்தை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கொடுப்போம். ஆங்கிலம் பழகாத அன்பர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்காரவைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘வில்’ இருக்கிறதா, ‘ஹோப்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னால் போதும்.

வாழ்க வணிகம்!