கிட்டின் துடைப்பம்

மென்பொருள் எழுதுபவர்கள் நிரலில் கைவைத்துவிட்டு அதைக் கமிட் செய்யும்போது, அதாவது ஒரு பதிவாகச் சேமிக்கும்போது, என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று நாலு வரி எழுதிவைப்பார்கள். அந்த நாலு வரிதான் கமிட் செய்தி. லினக்ஸ் கெர்னல் வேலைக்காக 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், அந்தச் செய்தியை எழுதியபடியே வாங்கி வைப்பதில்லை. பெருக்கித் துடைத்த பிறகுதான் உள்ளே எடுத்துக்கொள்கிறது.

செய்தி எழுதிய எடிட்டரை மூடியதும் வேலை தொடங்கும். வரிக் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடங்கள் போகும். தலையிலும் காலிலும் உள்ள வெற்று வரிகள் போகும். நடுவில் மூன்று நான்கு இருந்தால் ஒன்றாகச் சுருங்கும். # குறியில் தொடங்கும் வரிகளும் போகும். எடிட்டர் திறக்கும்போது எந்தெந்தக் கோப்புகள் மாறின என்று கிட் தானே எழுதிக் காட்டுகிற குறிப்புகள் அவை. எல்லாம் போய் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் கமிட்டே நடக்காது.

நிரலில் செய்த மாற்றங்களையும் செய்தியின் அடியில் காட்டச் சொன்னால், கிட் நடுவே ஒரு கோடு போடும். கோட்டின் மத்தியில் >8 என்றிருக்கும். உற்றுப் பாருங்கள், படுத்திருக்கும் கத்தரிக்கோல்! எட்டின் இரு வளையங்கள் விரல் நுழைக்க, முன்னால் விரிந்த இரு அலகு. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதெல்லாம் வெட்டப்படும்.

இத்தனை சுத்தமும் முன்கூட்டியே நடக்கக் காரணம் உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் வழக்கமாக 40 எழுத்துள்ள ஹேஷ் என்னும் அடையாளக் குறியீடு ஒன்று கணக்கிடப்படும். செய்தியும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரு வெற்றிடத்தைப் பிறகு நீக்கினாலும் ஹேஷ் மாறும், அதன்மேல் அடுக்கிய கமிட்டுகளின் ஹேஷ்களும் மாறும். சக ஊழியர்கள் பழையதை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் தலைவலிதான்.

துடைப்பத்துக்குக் கண் கிடையாது என்பதுதான் சிக்கல். பிழைப் பட்டியலில் 42-ஆம் பிழையைச் சரிசெய்தவர், "#42 லாகின் சரியானது" என்று முதல் வரியில் எழுதினால், குறிப்பு என்று நினைத்து அதையும் வாரிவிடும். கட்டளையிலேயே செய்தியை எழுதி அனுப்பினால் வரி தப்பும். அப்போது எடிட்டர் திறப்பதில்லை, ஆகவே கிட் வெற்றிடங்களை மட்டும் துடைக்கும். ஆனால் அதே கமிட்டைத் திருத்த மறுநாள் எடிட்டரில் திறந்து மூடினால், நேற்றுத் தப்பிய வரி இன்று சத்தமில்லாமல் காணாமல் போகும். இதைத் தவிர்க்க, குறிப்புக் குறியை # என்பதற்குப் பதில் அரைப்புள்ளியாக மாற்றிக்கொள்ளும்படி கிட்டுக்கு ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.