வேலை விட்டு வந்ததும் வரும் பசி



"காலையில ஒன்னும் சாப்புடுறது இல்ல மிஸ்ஸி. பகலைக்கும் ஒரே ஒரு ரொட்டிதான். ஆனாலும் நிறை ஏறிக்கிட்டேதான் போகுது. தண்ணி குடிச்சாலும் ஒடம்பு வைக்குது."

கிளினிக் ஒன்றில் ஒரு அக்கா இப்படிச் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். வயது நாற்பத்திரண்டு. பிரஷர் இருக்கிறது. இரத்தத்தில் சீனியும் கூடத் தொடங்கியிருப்பதால் உடல் நிறையைக் குறைக்கும்படி டாக்டர் கூறியிருந்தார். அக்கா சொன்னது பொய் அல்ல. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு வாய்க்குள் போனதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த நேரம் எப்படி என்பது நமக்கெல்லாம் தெரியும். கடைசி நிறுவை முடிந்து மலையில் இருந்து இறங்கி வரும்போது உடம்பெல்லாம் குளிர், வயிறு காலி. வந்ததும் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைக்கிறோம். அதற்கு இரண்டு கரண்டி சீனி. சிலர் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே குடிப்பார்கள். பிள்ளை மிச்சம் வைத்த கிம்புலா பணிஸ் துண்டு, கடையில் வாங்கிய இரண்டு வடை, அதன்மேல் இன்னொரு தேத்தண்ணி. சமைக்கும்போது உப்புப் பார்க்க ஒரு வாய். டீவியில் நாடகம் பார்க்கும்போது மிக்சர். இவ்வளவுக்கும் பிறகு எட்டரை, ஒன்பது மணிக்குத் தட்டு நிறையச் சோறு, உடனே படுக்கை.

இதை வாய்க்கொழுப்பு என்று ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. விடியற்காலையில் எழும்பி, புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் வெறுந் தேத்தண்ணியோடு பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணின் உடம்பு, பகல் முழுக்கக் கிடைக்காததை மாலையில் கேட்கிறது. அப்படிப் பசித்த வயிறு கீரை கேட்காது. இனிப்பும் எண்ணெயும்தான் கேட்கும். ஆகவே மாலைத் தீனியைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் திருத்த வேண்டியது காலைச் சாப்பாட்டை.

காலையில் ஒரு ரொட்டியாவது பருப்புக் கறியோடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நேரமில்லை என்றால் மலைக்குக் கொண்டுபோய், தேத்தண்ணி நேரத்தில் சாப்பிடலாம். பகலைக்கு வெறும் ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் மூன்று மணிக்கே பசித்துவிடும். அதோடு பருப்போ, கௌபியோ, ஒரு முட்டையோ, கொஞ்சம் கீரையோ சேர்ந்தால் வயிறு தாங்கும். இதை இரண்டு கிழமை செய்து பார்த்தவர்களுக்கு ஐந்து மணிப் பசியின் வேகம் குறைவது தெரியும்.

அடுத்தது சீனி. தேக்கரண்டி ஒன்றில் சுமார் 5 கிராம் சீனி பிடிக்கும். கப்புக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து கப் குடித்தால் 50 கிராம். அது 200 கலோரி. ஏறத்தாழ ஒரு கப் சோற்றுக்குச் சமம், ஆனால் வயிறு நிறைவதில்லை. பெரிய ஒருவர் நாளொன்றுக்கு எடுக்கும் சீனி, இனிப்புப் பண்டங்களில் உள்ளதையும் சேர்த்து, சுமார் 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அளவு. நமக்குத் தேத்தண்ணியிலேயே அது முடிந்துவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் மனம் தாங்காது. கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. "சீனிதானே கூடாது, கருப்பட்டி நல்லதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நிறையைப் பொறுத்தமட்டில் இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவித்த கடலையோ பயறோ ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம், அல்லது தோட்டத்தில் பிடுங்கிய கரட் எடுக்கலாம். கடலையைக் காலையிலேயே ஊறப் போட்டுவிட்டுப் போனால் மாலையில் வேலை சுலபம். வடை, ரோல்ஸ் போன்றவை எண்ணெயைக் குடிப்பவை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120 கலோரி அளவு இருக்கிறது. சோற்றை ஏழு, ஏழரை மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு ஒன்பது மணி வரை காத்திருப்பதால்தான் இடையில் கை டின்னுக்குள் போகிறது. (குடிக்கும்போது "பைட்ஸ்" என்று பொரித்த இறைச்சியைக் கொறிக்கிற ஆண்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். அவர்கள் குடிக்கிற சாராயத்துக்கும் தனிக் கலோரி உண்டு.)

இங்கே ஒரு விசயத்தைக் கவனமாக வாசியுங்கள். இந்தக் குறைப்பு எல்லாருக்கும் உரியது அல்ல. 2016ஆம் ஆண்டு குடிசன சுகாதார ஆய்வின்படி தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தாய்க்கு நிறை கூடியும் பிள்ளைக்கு வளர்ச்சி குறைந்தும் ஒரே வீட்டில் இருக்கக் காண்கிறோம். அம்மா குறைக்கிறார் என்பதற்காகப் பிள்ளையின் முட்டையையும் பாலையும் குறைக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதைச் செய்யவே கூடாது. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள், ஊசி ஏற்றுகிறவர்கள் தாங்களாகவே ஒரு நேரச் சாப்பாட்டை விடக்கூடாது. இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி, நடுக்கமும் வியர்வையும் வந்து மயங்கி விழ நேரிடும். முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்களுக்குக் குறைக்க வேண்டுமா என்று அறியத் தையல் நாடா போதும். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் தாண்டினால் கவனிக்க வேண்டும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனால் நிறை, பிரஷர், சீனி மூன்றையும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் பகுதி மிஸ்ஸியிடம் கேளுங்கள். அரைநாள் பேர் போய்விடுமே என்று யோசிப்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சீனி முற்றிக் காலில் புண் வந்தால் போவது மாதக்கணக்கான பேர்.

மேலே சொன்ன அக்கா நாலு மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறார். அவருடைய 68 கிலோவுக்கு அது சிறிய தொகை போலத் தெரியும். பிரஷர் இறங்கத் தொடங்கியதற்கு அது காணுமாய் இருந்தது. காலைக்கு ரொட்டி, ஐந்து மணிக்குக் கடலை, தேத்தண்ணிக்கு அரைக் கரண்டி. பணிசை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சம்பளத்தன்னிக்கு மட்டும் ஒன்னு, மிஸ். அதுவும் மகனோட பாதி பாதி" என்று சிரித்தார்.